கொலுசில் படிந்த கறுப்பும் வெள்ளிதான்

ஆடி பிறந்தால் திருமுல்லைவாயிலில் எங்கள் தெருவுக்கே வெள்ளி நினைப்பு வந்துவிடும். திருவேற்காடு கருமாரியம்மனுக்குக் கூழ் ஊற்றிவிட்டு வந்த கையோடு, வரலட்சுமி நோன்பு எந்தத் தேதியில் வருகிறது என்று காலண்டரைப் புரட்டுவார்கள். பீரோவுக்குள் ஒரு வருடமாகக் கிடந்த அம்மன் முகம், குங்குமச்சிமிழ், பேரனின் தண்டை, மகளின் கொலுசு எல்லாம் வெளியே வரும். பார்த்ததும் முகம் வாடிவிடும். "டீச்சர், போன வருஷம்தான் வாங்கினேன். இப்பவே கருகருன்னு ஆயிடுச்சு. கடைக்காரன் ஏமாத்திட்டானா?" என்று கேட்டுக்கொண்டு யாராவது கேட்டைத் திறப்பார்கள்.

பணி ஓய்வு பெறும்வரை பிளஸ் டூ பிள்ளைகளுக்கு வேதியியல் எடுத்தவள் நான். அதற்கு முன்னால், பூந்தமல்லியில் பட்டறை வைத்திருந்த ஒரு பத்தரின் மகள். பட்டறையில் பார்த்ததும் பாடப்புத்தகத்தில் படித்ததும் இந்த விஷயத்தில் ஒன்றையேதான் சொல்கின்றன. கொலுசின் மேல் தெரியும் கறுப்பு வெளியிலிருந்து வந்து ஒட்டிய அழுக்கு அல்ல. கொலுசின் வெள்ளியே அப்படி மாறியிருக்கிறது. அதைச் சுரண்டித் தேய்த்து எடுப்பவர் தன் வெள்ளியைத்தான் சாக்கடையில் விடுகிறார்.

இரும்பு துருப்பிடிக்க ஆக்ஸிஜன் காரணம் என்று பள்ளியில் படித்திருப்போம். வெள்ளி நம் வீட்டுச் சூட்டில் ஆக்ஸிஜனை லட்சியம் செய்வதில்லை. அதற்கு ஆகாதது கந்தகம். காற்றில் ஹைட்ரஜன் சல்பைடு என்ற வாயு மிக மிகக் கொஞ்சமாகக் கலந்திருக்கும். அழுகிய முட்டை நாற்றம் என்போமே, அந்த நாற்றத்துக்குரிய வாயுதான். மூக்குக்கே தெரியாத அளவில் இருந்தால்கூடப் போதும். காற்றில் ஈரமும் சேர்ந்துகொண்டால் வெள்ளியின் மேல்பரப்பு வெள்ளி சல்பைடாக மாறத் தொடங்கும். படலம் மெல்லியதாக இருக்கும்போது வைக்கோல் மஞ்சளாகத் தெரியும். கொஞ்சம் தடித்தால் செம்பு நிறம், அதற்குமேல் நீலம், கடைசியில் கறுப்பு. இந்தச் சல்பைடின் எடையில் 100-க்கு 87 பங்கு வெள்ளி, மீதி 13 பங்குதான் கந்தகம். வகுப்பில் இந்தக் கணக்கைப் போட்டுக் காட்டும்போதெல்லாம் பெண்பிள்ளைகள் குனிந்து தங்கள் காலைப் பார்ப்பார்கள்.

எங்கள் பக்கத்துக் காற்றில் கந்தகத்துக்குப் பஞ்சமில்லை. திருவேற்காட்டைத் தொட்டுக்கொண்டு நொளம்பூர்ப் பக்கம் போகும் கூவத்தில் கழிவுநீர் தேங்கி அழுகினால் வருவது இதே வாயு. மூடாத கால்வாய், அடைத்துக்கொண்ட பாதாளச் சாக்கடை, நிரம்பி வழியும் செப்டிக் டேங்க் எல்லாமே இதைக் கக்குகின்றன. ஐப்பசி, கார்த்திகை மழையில் ஈரமும் சேர்ந்துவிடும். ஆக, கொலுசு கறுத்தால் உங்கள் உடம்பில் சூடு ஏறிவிட்டது, கண் பட்டுவிட்டது என்று யாராவது சொன்னால் கவலைப்படாதீர்கள். வியர்வை ஆளுக்கு ஆள் மாறும், பூசும் கிரீமும் மாறும்; அதனால் ஒருத்தி காலில் சீக்கிரமும் இன்னொருத்தி காலில் மெதுவாகவும் கறுக்கலாம். அது நோயைக் காட்டும் கருவி அல்ல. கழற்றாமல் போட்டிருக்கும் கொலுசு, தோலிலும் பாவாடையிலும் உரசி உரசித் தானாகவே வெளுப்பாக இருப்பதைக் கவனித்திருப்பீர்கள். பூட்டி வைத்த கொலுசுதான் அதிகம் கறுக்கும்.

வீட்டுக்குள்ளேயும் கந்தகம் இருக்கிறது. முட்டை, வெங்காயம், பூண்டு, பெருங்காயம், சில தோல் களிம்புகள். யாரும் நினைத்துப் பார்க்காத ஒன்று ரப்பர். ரப்பர் கெட்டியாகவும் இழுபடும்படியும் இருக்க அதைக் கந்தகம் சேர்த்துச் சூடாக்குகிறார்கள். 1839-இல் அமெரிக்காவில் சார்லஸ் குட்இயர் கண்டுபிடித்த வழி அது. என் மாமனார் அம்பத்தூரில் ஒரு டயர் கம்பெனியில் வேலை பார்த்தவர். அவர் கையிலிருந்த வெள்ளி மோதிரம் பளபளப்பாக இருந்து நான் பார்த்ததே இல்லை. டயர் கம்பெனிக்குப் போகாதவர்களும் இதைப் பார்க்கலாம். ஜோடிக் கொலுசு பிரிந்துவிடக்கூடாது என்று ரப்பர் பேண்ட் போட்டு பீரோவில் வைப்போம் இல்லையா? சில மாதம் கழித்து அந்த ரப்பர் பேண்டைக் கழற்றிப் பாருங்கள். கொலுசு முழுக்க இளமஞ்சளாக இருக்கும். பேண்ட் அழுத்தியிருந்த இடத்தில் மட்டும், அதன் அகலத்துக்கே, மையால் கோடு போட்டதுபோல் ஒரு கறுப்பு வளையம் இருக்கும். சிலநேரம் ரப்பர் இளகி அந்த இடத்திலேயே ஒட்டிக்கொண்டும் இருக்கும்.

கடைக்காரர் ஏமாற்றினாரா என்ற கேள்விக்கு வருகிறேன். கறுப்பதை வைத்து அதை முடிவு செய்ய முடியாது. சுத்த வெள்ளியும் கறுக்கும். ஆனால் சுத்த வெள்ளி மிகவும் மிருது. நகை செய்ய அதில் செம்பு சேர்த்தாக வேண்டும். 925 என்று போட்டிருந்தால் ஆயிரம் பங்கில் 925 பங்கு வெள்ளி, மீதியில் பெரும்பாலும் செம்பு. செம்பு கூடக் கூடக் கறுப்பதும் சீக்கிரம் நடக்கும். சந்தேகம் இருந்தால் நிறத்தைப் பார்க்காமல் முத்திரையைப் பாருங்கள். வெள்ளிக்கு பிஐஎஸ் ஹால்மார்க் இன்னும் கட்டாயமாக்கப்படவில்லை. 2025 செப்டம்பரிலிருந்து, தங்கத்துக்கு இருப்பதுபோல ஆறு இலக்க அடையாள எண்ணோடு வெள்ளிக்கும் முத்திரை வாங்கும் வசதி வந்திருக்கிறது. கேட்டு வாங்குவது நம் உரிமை.

இனி, நம் வீடுகளில் வெள்ளி படும் பாடு. பெரும்பாலோர் பற்பசையைத்தான் எடுக்கிறார்கள். பற்பசைக்குள் இருப்பது சுண்ணாம்புத்தூளோ சிலிக்கா தூளோ. பல்லின் எனாமல் வெள்ளியைவிடப் பல மடங்கு கடினமானது. அதற்கென்று செய்த தூளை மிருதுவான வெள்ளியில் போட்டுப் பழைய பிரஷால் தேய்த்தால் கறுப்பு போகும். அதனடியில் இருக்கும் நல்ல வெள்ளியும் கூடப் போகும். வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தால் மயிரிழைக் கீறல்கள் தெரியும். அந்தக் கீறல்களில்தான் அடுத்த முறை கறுப்பு முதலில் உட்காரும். பாத்திரம் தேய்க்கும் பவுடரும் பச்சை நாரும் இதைவிட மோசம். விபூதியைப் பொறுத்தவரை, நன்றாகச் சலித்த மெல்லிய விபூதியைப் பஞ்சில் தொட்டு லேசாகத் துடைத்தால் அதிகச் சேதமில்லை. பூஜைச் சாமானுக்கு அம்மா அப்படித்தான் செய்வாள். கடையில் வாங்கும் கரகரப்பான விபூதி வேண்டாம். புளியும் எலுமிச்சையும் பித்தளைக்கும் செம்புக்கும் உரியவை. அவை செம்பின் களிம்பைக் கரைக்கும், வெள்ளி சல்பைடை ஒன்றும் செய்யாது. புளி போட்டு வெள்ளி வெளுத்ததென்றால் அது புளியின் வேலையல்ல, தேய்த்த கையின் வேலை.

ஒருமுறை தேய்ப்பதில் போவது கண்ணுக்குத் தெரியாத அளவுதான். ஆனால் வருடா வருடம் தேய்த்த அம்மன் முகத்தைப் பாருங்கள். மூக்கு மழுங்கி, புருவக்கோடு மறைந்து, புன்னகையே அழிந்துபோயிருக்கும். மாங்காய்க் கொலுசில் சித்திரவேலை முதலில் மறைவது அதனால்தான். வெள்ளி கிராம் நூறு ரூபாயைத் தாண்டி விற்கும் காலம் இது. பணத்தைவிடவும், சேலம் செவ்வாய்ப்பேட்டையிலோ வேறு எங்கோ ஒருவர் கண்ணை ஒட்டி உட்கார்ந்து செதுக்கிய கோட்டை நாம் பாத்திரக்கல்லில் அழிக்கிறோமே என்பதுதான் எனக்கு ஆறவில்லை.

என் அப்பாவுக்கு வெள்ளித்தூள் கீழே சிந்தினால் பொறுக்காது. பட்டறைத் தரையைக் கூட்டிய மண்ணைக்கூட வெளியே கொட்டவிடமாட்டார். ஒரு தகர டப்பாவில் சேர்த்து வைப்பார். அந்த மண்ணை விலைக்கு வாங்கி, அலசி, உருக்கி வெள்ளி எடுக்கிறவர்கள் அப்போது வருவார்கள். கறுத்த கொலுசு பட்டறைக்கு வந்தால் அவர் முதலில் தேய்க்க மாட்டார். இதமான நெருப்பில் காட்டி, நீர்த்த அமிலத்தில் போட்டு வெளுக்க வைத்து, அதன்பிறகே பூந்திக்கொட்டை நுரையில் முக்கி பித்தளைக் கம்பி பிரஷால் மெருகேற்றுவார். பிரஷ் கம்பி முடியைவிட மெல்லியதாக இருக்கும். நுரை வற்றவே கூடாது. "வழுக்கணும்டா, அறுக்கக் கூடாது" என்று எடுபிடிப் பையனை அதட்டுவது இன்னமும் காதில் இருக்கிறது.

நெருப்பும் அமிலமும் வீட்டுக்கு ஆகாது. வீட்டுக்கு ஏற்ற வழி வேறொன்று. அது கறுப்பை எடுக்காமல், கறுப்பை மறுபடி வெள்ளியாக்குகிறது.

முதலில் கொலுசை ஷாம்பு கலந்த வெதுவெதுப்பான நீரில் ஊறவைத்து, குழந்தைகளின் மிருதுவான பிரஷால் மஞ்சள், எண்ணெய், வியர்வைப் பிசுக்கை நீக்குங்கள். பிசுக்கு இருந்தால் அடுத்த வேலை நடக்காது. பிறகு ஒரு கண்ணாடி அல்லது எவர்சில்வர் கிண்ணத்தின் அடியில் சப்பாத்தி சுற்றும் அலுமினிய ஃபாயிலை விரியுங்கள். எந்தப் பக்கம் மேலே இருந்தாலும் சரி. கொலுசை அதன்மேல் பரப்பி வையுங்கள். வெள்ளி அலுமினியத்தைத் தொட்டுக்கொண்டிருக்க வேண்டும். இந்தச் சங்கதியில் உயிர்நாடியே அதுதான். ஒரு லிட்டர் தண்ணீரைத் தளதளவென்று கொதிக்கவிட்டு இறக்கி, இரண்டு மேசைக்கரண்டி ஆப்ப சோடாவைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போடுங்கள். மொத்தமாகப் போட்டால் பொங்கி வழியும். அந்த நீரைக் கொலுசு மூழ்கும்படி ஊற்றுங்கள். உப்பும் போடச் சொல்வார்கள், சோடாவே போதும். ஜன்னல் திறந்திருக்கட்டும்.

இப்போது குனிந்து பாருங்கள். சின்னச் சின்னக் குமிழ்கள் கிளம்பும். ஃபாயிலைத் தொடும் கண்ணிகளில் முதலில் நிறம் மாறும்: கறுப்பு பழுப்பாகி, பழுப்பு மஞ்சளாகி, மஞ்சள் மறைந்து வெண்மை வரும். வந்த வழியே நிறம் திரும்பிப் போவதைக் கண்ணால் பார்க்கலாம். லேசாக முட்டை நாற்றம் எழும். அது கெட்டுப்போன சோடாவின் நாற்றமல்ல. வெள்ளியை விட்டு வெளியேறும் கந்தகம். ஃபாயில் மங்கிக் கறுக்கும். இரண்டு மூன்று நிமிடத்தில் கொலுசைத் திருப்பிப் போடுங்கள். ஐந்து நிமிடத்துக்குள் பெரும்பாலும் வேலை முடிந்துவிடும். வருடக்கணக்கில் கறுத்ததென்றால் புது ஃபாயில், புதுக் கொதிநீரோடு இன்னொரு முறை செய்யுங்கள்.

நடப்பது இதுதான். வெள்ளியைவிட அலுமினியத்துக்கு எலக்ட்ரான்களை விட்டுக்கொடுக்கும் குணம் அதிகம். சூடான சோடா நீர் அலுமினியத்தின் மேலிருக்கும் ஆக்ஸைடு போர்வையை விலக்குகிறது. இரண்டும் தொட்டுக்கொண்டிருப்பதால் எலக்ட்ரான்கள் அலுமினியத்திலிருந்து வெள்ளி சல்பைடுக்குப் பாய்கின்றன. கந்தகம் கழன்றுகொள்ள, வெள்ளி இருந்த இடத்திலேயே வெள்ளியாக நிற்கிறது. கரைந்துபோவது ஃபாயில்தான், கொலுசு அல்ல. வீட்டில் பழைய அலுமினியக் குண்டான் இருந்தால் ஃபாயிலே வேண்டாம், அதிலேயே செய்யலாம். அதன்பின் அதில் சமைக்க மட்டும் கூடாது.

எழும்பூர் அரசு அருங்காட்சியகத்துக்குப் பிள்ளைகளை அழைத்துப்போன போதெல்லாம் இதைச் சொல்வேன். அங்கே 1930-இலேயே பழம்பொருள் பாதுகாப்புக்கென்று ஒரு வேதியியல் ஆய்வகம் தொடங்கிவிட்டார்கள். எஸ். பரமசிவன் என்ற வேதியியலாளர் அங்கே பணியாற்றினார். மண்ணுக்குள் கிடந்து களிம்பேறிய வெண்கலச் சிலைகளைச் சுரண்டாமல், கரைசலில் வைத்து மின்சாரம் செலுத்தி மீட்டார்கள். அங்கே மின்சாரம் வெளியிலிருந்து கொடுத்தார்கள்; நம் கிண்ணத்தில் அலுமினியமும் வெள்ளியும் சேர்ந்து அதைத் தாமே உண்டாக்கிக்கொள்கின்றன. தத்துவம் ஒன்றே. சோழர் காலச் சிலைக்குக் காட்டிய பொறுமையைப் பேத்தியின் கொலுசுக்கும் காட்டலாம்.

கிண்ணத்திலிருந்து எடுத்ததும் நன்றாக அலசுங்கள். அம்பத்தூர், ஆவடிப் பக்கம் போர் தண்ணீர் பல வீடுகளில் உப்பு. காய்ந்தால் வெள்ளைத் திட்டு விழும். கடைசி அலசலுக்கு ஒரு குவளை கேன் தண்ணீர் செலவழியுங்கள், தப்பில்லை. பழைய பருத்தி வேட்டித் துணியால் ஒற்றி, ஃபேனுக்கடியில் விரித்துவிடுங்கள். சலங்கை முத்துக்குள்ளும் திருகாணிக்குள்ளும் ஈரம் நின்றுவிடும். அதைக் காயவைக்காமல் பெட்டியில் போட்டால் பட்ட பாடெல்லாம் வீண். காய்ந்தபின் வெண்மை இருந்தும் மினுமினுப்பு குறைவாகத் தெரிந்தால் பூந்திக்கொட்டையை ஊறவைத்துப் பிசைந்த நுரையில் முக்கி, விரலாலேயே நீவிக் கழுவுங்கள். நாட்டுமருந்துக் கடையில் கிடைக்கும்.

எல்லாவற்றையும் இந்தத் தண்ணீரில் போட்டுவிடக் கூடாது. முத்து, பவளம் பதித்தவை, அரக்கு வைத்த நகை, கல்லைப் பசையால் ஒட்டிய மோதிரம் இவற்றுக்குக் கொதிநீர் ஆகாது. ஈரத்துணியால் துடைப்பதோடு நிறுத்துங்கள். மீனா வேலை செய்த கொலுசும் அப்படியே. கல்லூரிப் பெண்கள் விரும்பிப் போடும் ஆக்ஸிடைஸ்டு நகைகளில் கறுப்பை வேண்டுமென்றே ஏற்றியிருக்கிறார்கள். பள்ளத்தில் கறுப்பு நின்றால்தான் மேட்டில் வேலைப்பாடு தெரியும். ஆப்ப சோடாவில் போட்டால் அந்த அழகு கரைந்து, தட்டையான வெள்ளைத் தகடாகிவிடும். ஜெர்மன் சில்வரும் இதில் மசியாது. பேரில்தான் சில்வர், உள்ளே இருப்பது செம்பு, நிக்கல், துத்தநாகம்.

வெளுத்ததைக் காப்பாற்றுவது எளிது. ரப்பர் பேண்ட் வேண்டாம், நூலால் கட்டுங்கள். கம்பளித் துணி வேண்டாம். ஜிப் வைத்த சின்னப் பிளாஸ்டிக் பையில் ஜோடிக்கு ஒரு பையாகப் போட்டு, காற்றை அழுத்தி வெளியேற்றி மூடுங்கள். புதுச் செருப்புப் பெட்டியிலும் கைப்பையிலும் கிடக்கும் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலத்தை வீசாமல் அதோடு வையுங்கள், குழந்தை கைக்கு எட்டாத இடமாகப் பார்த்து.

கண்ணி விட்டுப்போனது, திருகாணி தேய்ந்தது, மெட்டி பிளந்தது என்றால் இந்தக் கைவைத்தியம் எதுவும் உதவாது. பத்தரிடம் கொண்டுபோங்கள். பூந்தமல்லி, அம்பத்தூர்க் கடைத்தெருக்களில் ஒரு மரப்பெட்டியும் ஊதுகுழலும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். எதிரில் உட்கார்ந்து, வேலை முடிந்ததும் வாங்கிக்கொண்டு வாருங்கள். கூலியில் பேரம் பேசாதீர்கள்.

ஒன்றை மட்டும் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். ஆண்கள் வேலைக்குப் போன நடுப்பகலில், "வெள்ளிக்குப் பாலீஷ் போட்டுத் தருகிறோம், கம்பெனி விளம்பரம், காசு வேண்டாம்" என்று பையோடு வாசலுக்கு வருபவர்களை உள்ளே விடாதீர்கள். முதலில் வெள்ளி விளக்கைப் பளபளக்கச் செய்து நம்பவைப்பார்கள். அடுத்து கழுத்துச் சங்கிலியைக் கேட்பார்கள். நைட்ரிக் அமிலமும் ஹைட்ரோகுளோரிக் அமிலமும் கலந்த திராவகம் தங்கத்தையே கரைக்கும்; சங்கிலி பார்வைக்கு அப்படியே திரும்பி வரும், எடை மட்டும் குறைந்திருக்கும். கரைந்த தங்கம் அவர்கள் பாட்டிலோடு தெருமுனையைத் தாண்டியிருக்கும். வயதான பெண்கள் தனியாக இருக்கும் வீடாகப் பார்த்துத்தான் வருவார்கள். உங்கள் தெருவில் இப்படி யாராவது வந்தால் பக்கத்து வீட்டுக்காரர்களைக் கூப்பிடுங்கள், 100-க்கு போன் செய்யுங்கள். அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி மூன்றும் 2022 ஜனவரியிலிருந்து ஆவடி காவல் ஆணையரகத்தின் கீழ் வருகின்றன. தயங்காமல் புகார் கொடுங்கள்.